ஸ்கேன் அறிக்கையிலும் வழக்கறிஞர் கடிதத்திலும் வரும் ‘சைட்டஸ்’ ஒரே சொல்தானா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: தங்கையின் கைக்குழந்தைக்கு எடுத்த எக்கோ (இதய அல்ட்ராசவுண்டு ஸ்கேன்) அறிக்கையின் முதல் வரியிலேயே ‘சைட்டஸ் சாலிட்டஸ்’ என்று இருக்கிறது. அதே மாதம், வெளிநாட்டில் காலமான பெரியப்பாவின் சொத்துகள் பற்றி வழக்கறிஞர் எழுதிய கடிதத்தில் ‘சைட்டஸ்’ என்ற சொல் நான்கு இடங்களில் வருகிறது. இரண்டும் ஒரே சொல்லா, அல்லது எழுத்து மட்டும்தான் ஒன்றா என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லைப் பற்றிக் கேட்டாலும், குழந்தைக்கு ஏதோ இருக்கிறது போல என்ற கவலைதான் உங்களை எழுத வைத்திருக்கிறது என்று தோன்றுகிறது. அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சைட்டஸ் சாலிட்டஸ் என்பது எந்த நோயின் பெயரும் கிடையாது. ‘உறுப்புகள் எல்லோருக்கும் இருப்பதுபோல அதனதன் பக்கத்தில் இருக்கின்றன’ என்பதை லத்தீனில் அப்படி எழுதுவார்கள். அந்த வரியைப் பொறுத்தவரை நிம்மதியாக இருக்கலாம்.

நான் மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. சட்ட ஆவணங்களையும் மருத்துவ அறிக்கைகளையும் தமிழாக்குவதும், பிறர் செய்த தமிழாக்கத்தைச் சரிபார்ப்பதும் இருபது வருடங்களுக்கு மேலாக என் தொழில். இந்தச் சொல் இரண்டு பக்கத்திலிருந்தும் என் மேசைக்கு வந்துகொண்டே இருக்கும். சொல் என்ன சொல்கிறது, எந்த வேலைக்குப் பயன்படுகிறது என்பதைத் தைரியமாகச் சொல்ல முடியும். உங்கள் பெரியப்பாவின் சொத்துக்கு எந்த நாட்டுச் சட்டம், குழந்தையின் இதயம் எப்படி என்பதையெல்லாம் ஆவணங்களை நேரில் பார்க்கிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

முதலில் சொல். இரண்டும் ஒரே சொல்தான், ஒரே வேரிலிருந்து வந்ததுதான். லத்தீனில் ‘சினெரே’ என்றொரு வினை. விடு, விட்டுவை, வை என்கிற மாதிரியான பொருள். அதிலிருந்து பிறந்தது ‘சிட்டுஸ்’, அதாவது வைக்கப்பட்டது. பெயர்ச்சொல்லாக வரும்போது ஒரு பொருள் வைக்கப்பட்டிருக்கும் நிலை, அது அமைந்த இடம். ஆங்கிலத்தின் ‘சைட்’, ‘சிச்சுவேஷன்’ எல்லாம் இதன் பிள்ளைகள். ரோமானியர்களின் கல்லறைக் கற்களில் எச், எஸ், இ என்று மூன்று எழுத்துகள் அடிக்கடி காணப்படும். ‘ஹிக் சிட்டுஸ் எஸ்ட்’ என்பதன் சுருக்கம் அது: இங்கே கிடத்தப்பட்டிருக்கிறார். இந்தக் ‘கிடத்தப்பட்ட’ என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெறும் ‘இடம்’ என்று மொழிபெயர்த்தால் சொல்லின் பாதி போய்விடுகிறது. வெறும் இடத்துக்கு லத்தீனில் ‘லோகஸ்’ என்ற வேறு சொல் இருக்கிறது. வழக்குத் தொடரும் தகுதியைக் குறிக்கும் ‘லோகஸ் ஸ்டாண்டை’, குரோமோசோமில் ஒரு மரபணு உட்கார்ந்திருக்கும் புள்ளியான ‘லோகஸ்’ இரண்டும் அதுதான். லோகஸ் என்றால் இடம். சைட்டஸ் என்றால் ஒரு பொருள் அந்த இடத்தில் இருக்கிற இருப்பு. நம் ‘கிடை’ என்ற பழைய சொல்லில் இந்த வாசனை கொஞ்சம் உண்டு.

லோகஸின் பன்மை ‘லோசை’ என்பதால் சைட்டஸின் பன்மையைச் சிலர் ‘சைட்டை’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. லத்தீனில் இது வேறு வகைப் பெயர்ச்சொல். பன்மையிலும் எழுத்து மாறாது, உயிர் மட்டும் நீளும். உச்சரிப்பிலும் ஒரு சின்னக் குழப்பம் உண்டு. தனியாக வரும்போது ‘சைட்டஸ்’ என்கிறோம், ‘இன் சிட்டு’ என்று வரும்போது மட்டும் ‘சிட்டு’ ஆகிவிடுகிறது. இரண்டும் ஒன்றே. பின்னது ‘இருக்கும் இடத்திலேயே’ என்ற வேற்றுமை வடிவம்.

சரி, மருத்துவத்துக்கு வருவோம். வெளியிலிருந்து பார்த்தால் நம் உடம்பின் இடமும் வலமும் ஒன்றுபோலவே இருக்கிறது. உள்ளே அப்படி இல்லை. கல்லீரலின் பெரும்பகுதி வலப்பக்கம், மண்ணீரலும் இரைப்பையும் இடப்பக்கம், குடல்வால் வலப்பக்கம் கீழே. வலது நுரையீரலுக்கு மூன்று மடல், இடதுக்கு இரண்டு. இந்த ஒழுங்குக்குப் பெயர்தான் சைட்டஸ் சாலிட்டஸ். சாலிட்டஸ் என்றால் வழக்கமானது. இதே ஒழுங்கு கண்ணாடியில் பார்ப்பதுபோல முழுவதுமாக இடம் வலமாக மாறியிருந்தால் சைட்டஸ் இன்வெர்ஸஸ். சில உறுப்புகள் இப்படியும் சில அப்படியும் கலந்து கிடந்தால் சைட்டஸ் ஆம்பிகுவஸ், அதாவது எந்தப் பக்கம் என்று தீர்மானிக்க முடியாதது. குழந்தைகளின் எக்கோ அறிக்கை பெரும்பாலும் இந்த மூன்றில் எது என்று சொல்லித்தான் தொடங்கும். முகவரியை உறுதிசெய்துகொண்டு வீட்டுக்குள் நுழைவது மாதிரி. எல்லாம் சரியாக இருக்கிற குழந்தைக்கும் அந்த வரி எழுதப்படும்.

இன்வெர்ஸஸ் என்ற சொல்லில் ஒரு மொழிபெயர்ப்பாளர் சறுக்கியதை நேரில் பார்த்திருக்கிறேன். நோயாளிக்குக் கொடுப்பதற்காகத் தயாரான ஒரு தகவல் தாள் சரிபார்க்க என்னிடம் வந்தது. அதில் ‘உங்கள் உள்ளுறுப்புகள் தலைகீழாக உள்ளன’ என்று இருந்தது. அகராதியில் இன்வெர்ஸஸுக்கு நேரே தலைகீழ் என்று போட்டிருப்பார்கள். அவர் அதை எடுத்து வைத்துவிட்டார். படிக்கிறவர் தன் வயிற்றுக்குள் இரைப்பை கவிழ்ந்து தொங்குவதாக நினைத்தால் அவரைக் குற்றம் சொல்ல முடியுமா? மேல் மேலேதான், கீழ் கீழேதான், முன்பின்னும் மாறவில்லை. மாறியது இடமும் வலமும் மட்டும். ‘இடவல மாற்றம்’ என்று திருத்தி, ‘கண்ணாடியில் தெரிவதுபோல’ என்று ஒரு சொற்றொடரும் சேர்த்து அனுப்பினேன். ‘உறுப்பு இடமாற்றம்’ என்றும் சிலர் எழுதுகிறார்கள். அதுவும் ஆபத்துதான், உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை என்று எண்ணிவிடுவார்கள்.

இடவல மாற்றம் எத்தனை பேருக்கு இருக்கும்? பொதுவாக 8,000 முதல் 10,000 பேருக்கு ஒருவர் என்பார்கள். கணக்கெடுத்த விதத்தைப் பொறுத்து எண்ணிக்கை மாறும். 1788-லேயே மேத்யூ பெய்லி என்ற மருத்துவர் இறந்த ஒருவரின் உடலை அறுத்துப் பார்த்தபோது எல்லா உறுப்புகளும் பக்கம் மாறியிருந்ததை விவரித்து எழுதியிருக்கிறார். பலர் இப்படித் தங்களுக்கு இருப்பதே தெரியாமல் ஆயுள் முழுவதும் வாழ்ந்துவிடுகிறார்கள். எல்லாமே சேர்ந்து மாறியிருப்பதால் உறுப்புகளுக்கு இடையிலான தொடர்பு கெடுவதில்லை. தெரியாமல் இருப்பதில் ஒரு சிக்கல் உண்டு. குடல்வால் அழற்சி வந்தால் வலி இடப்பக்கம் வரும். வலப்பக்கத்தையே எதிர்பார்க்கிற மருத்துவருக்குச் சட்டென்று சந்தேகம் வராது. அவசரத்தில் மயங்கிக் கிடப்பவருக்கு யார் எடுத்துச் சொல்வது? அதனால் தெரிந்துவிட்டால் மருத்துவக் குறிப்புகளில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கருவிகள் காட்டும் அடையாளம். எக்ஸ்ரே எடுக்கும்போது படத்தின் ஓரத்தில் இடம், வலம் என்று காட்ட ஒரு ஈய எழுத்தை வைப்பார்கள். அந்த எழுத்து இல்லாவிட்டால், படம் திருப்பி வைக்கப்பட்டிருக்கிறதா, அல்லது ஆளே அப்படித்தானா என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்வது மிகக் கடினம். இசிஜியிலும் இதேதான். இதயம் வலப்பக்கம் இருந்தால் முதல் லீடில் (லீடு என்றால் இதயத்தின் மின்னோட்டத்தை ஒரு கோணத்திலிருந்து காட்டும் பதிவு) அலைகள் எல்லாம் கீழ்நோக்கி விழும். கை ஒயர்களை இடம் வலம் மாற்றி மாட்டிவிட்டாலும் அதே மாதிரி விழும்! வித்தியாசம் மார்பு லீடுகளில் தெரியும். ஒயர் மாறியது மட்டும்தான் என்றால் மார்பின் குறுக்கே இடது நோக்கிப் போகப் போக அலை வழக்கம்போல உயர்ந்துகொண்டு வரும். இதயமே வலப்பக்கம் என்றால் உயராமல் சிறுத்துக்கொண்டே போகும்.

ஏன் இப்படி மாறுகிறது? கரு உருவான மூன்றாவது வார வாக்கில், ‘நோட்’ எனப்படும் சின்னக் குழிவில் நுண்ணிய இழைகள் சுழல்கின்றன. அவை சற்றே சாய்ந்து நின்று சுழல்வதால் அங்கிருக்கும் திரவம் இடப்பக்கமாக ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் ‘இது இடது’ என்று உடம்புக்குச் சொல்லும் முதல் செய்தி. 1998-ல் ஜப்பானில் நோபுடாகா ஹிரோகாவாவின் ஆய்வுக்குழு எலிகளில் இதைக் காட்டியது. 2002-ல் இன்னொரு சோதனையில், எலிக்கருவின் மீது திரவத்தைச் செயற்கையாக எதிர்த்திசையில் ஓடவிட்டார்கள். இடமும் வலமும் மாறிப்போயின. இதுவரை உறுதி. அந்த ஓட்டத்தைக் கரு எப்படி உணர்கிறது என்பதில் நெடுநாள் சர்ச்சை இருந்தது. ஓட்டம் ஏதோ ஒரு வேதிப்பொருளைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்றார்கள் சிலர். ஓட்டத்தின் விசையையே வேறு இழைகள் தொட்டு உணர்கின்றன என்றார்கள் சிலர். 2023-ல் எலியிலும் வரிமீனிலும் வந்த முடிவுகள் இரண்டாவது கட்சிக்கு வலு சேர்க்கின்றன. விவாதம் முடிந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன்.

இழை சுழலாவிட்டால்? அப்போது இடது எது என்று சொல்ல ஆளில்லை. நாணயம் சுண்டுவதுபோல முடிவாகிறது. அதனால்தான் இழைகள் பிறவியிலேயே சரியாக அசையாத நோயுள்ளவர்களில் சுமார் பாதிப் பேருக்கு உறுப்புகள் இடவலம் மாறியிருக்கின்றன, மீதிப் பேருக்கு வழக்கமான பக்கத்திலேயே இருக்கின்றன. மூச்சுக்குழாயில் சளியைத் தள்ளுவதும் அதே மாதிரியான இழைகள் என்பதால் இவர்களுக்கு ஓயாத சளியும் சைனஸ் தொல்லையும் வரும். இந்த மூன்றும் சேர்ந்து வருவதை 1933-ல் விவரித்தவர் மானெஸ் கார்டகெனர். அவர் பெயரிலேயே அந்த நோய்க்குறித் தொகுதி வழங்குகிறது. காரணம் இழைதான் என்பது 1976-ல் ப்யோர்ன் அஃப்செலியஸ் எழுதியபோதுதான் தெளிவானது. இடவல மாற்றம் உள்ள எல்லோருக்கும் இந்த நோய் இருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சுமார் நாலில் ஒருவருக்கு, அவ்வளவுதான்.

மூன்றில் கவனமாகப் பார்க்க வேண்டியது ஆம்பிகுவஸ். முழுவதும் மாறினால் பெரிய பாதகமில்லை. பாதி மாறினால்தான் சிக்கல், ஏனென்றால் இரத்தக்குழாய்கள் தவறான அறையில் போய்ச் சேரும். இதயக் கோளாறு இவர்களில் பெரும்பாலோருக்கு இருக்கும். சிலருக்கு மண்ணீரலே இருக்காது, சிலருக்குப் பல துண்டுகளாக இருக்கும். ரிச்சர்ட் வான் பிராக் வகுத்த முறையில் பிறவி இதயக் கோளாறுகளை மூன்று எழுத்துகளால் எழுதும் வழக்கம் உண்டு. அதில் முதல் எழுத்தே சைட்டஸைக் குறிப்பதுதான். எஸ் என்றால் சாலிட்டஸ், ஐ என்றால் இன்வெர்ஸஸ், ஏ என்றால் ஆம்பிகுவஸ். உங்கள் அறிக்கையில் அடைப்புக்குறிக்குள் எஸ், டி, எஸ் என்று இருந்தால் மிரள வேண்டாம், வழக்கமான அமைப்புக்கு அப்படித்தான் எழுதுவார்கள். லத்தீனே வேண்டாம், ‘வழக்கமான அமைப்பு’, ‘கண்ணாடிப் பிம்ப அமைப்பு’ என்று எளிய சொல்லில் எழுதுவோம் என்று சொல்கிற மருத்துவர்களும் இருக்கிறார்கள். மொழிபெயர்க்கிறவன் என்ற முறையில் நான் அவர்கள் பக்கம்.

இன் சிட்டு பற்றியும் இரண்டு வார்த்தை, ஏனென்றால் அறிக்கைகளில் அதிகம் பயமுறுத்துவது அதுதான். ‘கார்சினோமா இன் சிட்டு’ என்றால் புற்றணுக்கள் தோன்றிய அடுக்கிலேயே இருக்கின்றன, அடியிலுள்ள மெல்லிய சவ்வைத் தாண்டவில்லை என்று பொருள். 1932-ல் ஆல்பர்ட் பிராடர்ஸ் என்ற நோயியலாளர் இந்தப் பெயரை நிலைநிறுத்தினார். சவ்வைத் தாண்டவில்லை என்பது வரை உறுதி. இனிமேல் தாண்டுமா என்பதுதான் இன்றைக்குப் பெரிய விவாதம். மார்பகப் பால்குழாய்க்குள் இருக்கும் இந்த வகையில் ஆபத்து குறைந்தவர்களை உடனே அறுவை செய்யாமல் கண்காணித்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. இரண்டு ஆண்டு முடிவில், கண்காணிப்பில் இருந்தவர்களுக்கு ஊடுருவும் புற்று அதிகமாக வரவில்லை. ஆனால் இந்த நோய்க்கு இரண்டு ஆண்டு மிகக் குறுகிய காலம். ஒருவர் சிகிச்சையை நிறுத்த இதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கண் அறுவையான லேசிக் என்ற பெயருக்குள்ளும் இன் சிட்டு இருக்கிறது. அதற்கு முந்தைய முறையில் கருவிழியின் ஒரு வில்லையை வெளியே எடுத்து, உறைய வைத்து, கடைசல் பிடித்து, மறுபடி தைப்பார்கள். லேசிக்கில் அந்தத் திருத்தம் கண்ணிலேயே, இருந்த இடத்திலேயே நடக்கிறது.

இனி சட்டம். நிலம், வீடு என்றால் எளிது, நகராது. அது இருக்கும் நாட்டின் சட்டமே அதன் உரிமையைத் தீர்மானிக்கும். இதற்கு ‘லெக்ஸ் சைட்டஸ்’ என்று பெயர், பொருள் கிடக்கும் இடத்தின் சட்டம். 1893-ல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்தின் மேல்சபை, மொசாம்பிக் கம்பெனி வழக்கில், வெளிநாட்டு நிலத்தின் உரிமையைத் தீர்மானிக்க எங்களுக்கு அதிகாரமில்லை என்றது. இங்கிலாந்திலிருந்து பரவிய பொதுச் சட்ட (காமன் லா) மரபில் வாரிசுரிமையும் இப்படியே பிரிகிறது. வீடும் நிலமும் கிடக்கும் நாட்டின் சட்டப்படி; அசையும் சொத்து, இறந்தவரின் நிரந்தர வசிப்பு எந்த நாட்டில் என்று கொள்ளப்படுகிறதோ அதன் சட்டப்படி. ஐரோப்பிய ஒன்றியத்தின் பெரும்பாலான நாடுகளில் 2015 ஆகஸ்ட் 17 முதல் இறந்தவர்களுக்கு விதி வேறு. உயிலில் வேறு சட்டத்தைத் தேர்ந்தெடுக்காவிட்டால், கடைசியாக வழக்கமாக வசித்த நாட்டின் சட்டம் வீடு, பணம் இரண்டுக்கும் சேர்த்துப் பொருந்தும். உங்கள் பெரியப்பா எந்த நாட்டில் இருந்தார் என்று நீங்கள் எழுதவில்லை. அதைப் பொறுத்துக் கடிதத்தின் பொருளே மாறும்.

நகரும் பொருள் என்றால் கதை தொடங்கிவிடுகிறது. 1860-ல் முடிந்த கேமல் எதிர் சீவெல் வழக்கைப் பாருங்கள். ரஷ்யாவிலிருந்து இங்கிலாந்துக்கு மரப்பலகை ஏற்றி வந்த கப்பல் நார்வே கரையில் தட்டி நின்றுவிட்டது. சரக்கை அங்கேயே ஏலத்தில் விற்றார்கள். அந்தப் பலகைகள் கைமாறி இங்கிலாந்துக்கே வந்து சேர்ந்தபோது, பழைய உரிமைக்காரர் தரப்பு எங்களுடையது என்றது. ஏலம் நடந்த நேரத்தில் பலகைகள் கிடந்தது நார்வேயில். அந்நாட்டுச் சட்டப்படி வாங்கியவருக்கு உரிமை போய்விட்டது. ஆகவே இங்கேயும் போனது போனதுதான் என்றது நீதிமன்றம். நூறு ஆண்டு கழித்து இதே விதி இன்னும் கசப்பாக வந்தது. இங்கிலாந்தில் ஒருவர் வீட்டிலிருந்து திருடுபோன ஜப்பானியச் சிற்பச் சிறுபொருள்கள் இத்தாலிக்குப் போய், அங்கே ஒருவருக்கு விற்கப்பட்டு, மறுபடி லண்டனுக்கே ஏலத்துக்கு வந்தன. 1980-ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுதியில் இருக்கும் விங்க்வொர்த் வழக்கு இது. விற்பனை நடந்தபோது பொருள் இத்தாலியில் இருந்தது, அதனால் இத்தாலியச் சட்டம்தான் என்றார் நீதிபதி ஸ்லேட். நல்லெண்ணத்துடன் வாங்கியவரை அந்தச் சட்டம் காப்பாற்றும், பொருள் திருட்டுப் பொருளாக இருந்தாலும். பறிகொடுத்தவர் ஒரு தவறும் செய்யவில்லை. அவருக்குத் தெரியாமலே அவர் பொருளின் சைட்டஸ் மாறியது, உரிமையும் அதோடு போனது. இது நியாயமா என்று கேட்டால் எனக்கு இன்றும் மனம் ஒப்பவில்லை. ஆனால் வாங்குகிறவர் எந்தச் சட்டத்தைப் பார்த்து வாங்குவது என்பதற்கு இதைவிடத் தெளிவான விதி கிடைப்பதும் கஷ்டம்.

தொட முடியாத சொத்தில்தான் சட்டமும் மருத்துவமும் பிரிந்து போகின்றன. கல்லீரல் எந்தப் பக்கம் என்பது பார்த்தால் தெரிந்துவிடும். மருத்துவர் கண்டதை எழுதுகிறார். ஒருவர் எனக்குத் தர வேண்டிய கடன் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. ஆனாலும் அதற்கு வரி போட, அதை ஜப்தி செய்ய, வாரிசுக்குக் கொடுக்க ஓர் இடம் வேண்டும். ஆகவே சட்டம் அதை ஓர் இடத்தில் வைக்கிறது. கிடத்துகிறது என்று சொன்னாலும் சரி. அந்தப் பழைய வினைச்சொல் இங்கேதான் முழுசாக உயிரோடு இருக்கிறது.

இங்கிலாந்துச் சட்டம் சாதாரணக் கடனைக் கடனாளி வசிக்கும் இடத்தில் வைக்கிறது, ஏனென்றால் அங்கேதான் அவர்மேல் வழக்குப் போட முடியும். வங்கிக் கணக்கு, அது வைத்திருக்கும் கிளையில். முத்திரையிட்ட பத்திரத்தில் எழுதிய கடனுக்கு மட்டும் பழைய விதி விசித்திரமானது: பத்திரக் காகிதம் எந்த இழுப்பறையில் இருக்கிறதோ அங்கே. அமெரிக்காவில் 1905-ல் ஹாரிஸ் எதிர் பால்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. வட கரோலினாக்காரரான ஹாரிஸ் பால்க்குக்கு 180 டாலர் தர வேண்டியிருந்தது. வேறு வேலையாக, மேரிலாந்து என்ற வேறு மாநிலத்திலுள்ள பால்டிமோருக்குப் போனார். பால்க்கிடம் பாக்கி வசூலிக்க வேண்டியிருந்த இன்னொருவர் அங்கே காத்திருந்து, அந்த 180 டாலர் கடனை ஜப்தி செய்துவிட்டார். கடன் கடனாளியின் கூடவே போகிறது, அவர் எங்கே போனாலும் அங்கே இருக்கிறது என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1977-ல் ஷாஃபர் எதிர் ஹைட்னர் வழக்கில் இந்தப் போக்குக்குக் கடிவாளம் விழுந்தது. டெலவேரில் பதிவான கம்பெனிகளின் பங்குகள் எல்லாம் டெலவேரில் இருப்பதாக அந்த மாநிலச் சட்டம் வைத்துக்கொண்டது. அதை மட்டும் காட்டி, அந்த மாநிலத்தோடு வேறு தொடர்பில்லாத ஒருவரை அங்கே வழக்காட இழுக்க முடியாது என்று தீர்ப்பானது.

பங்கு என்றால் கோடிக்கணக்கில் பணம் தொங்கும். இந்திய உச்ச நீதிமன்றம் 2012 ஜனவரியில் தீர்த்த வோடஃபோன் வழக்கு அப்படிப்பட்டது. 2007-ல் கேமன் தீவுகளில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு கைமாறியது. அதன்மூலம் இந்தியத் தொலைபேசித் தொழில் ஒன்றின் கட்டுப்பாடும் கைமாறியது. பங்கின் சைட்டஸ் கம்பெனி பதிவான இடம், அது இந்தியாவில் இல்லை, ஆகவே வரி இல்லை என்றது நீதிமன்றம். அதே ஆண்டு நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது: மதிப்பின் பெரும்பகுதி இந்தியச் சொத்திலிருந்து வருமானால் அந்தப் பங்கு இந்தியாவில் இருப்பதாகவே கொள்ள வேண்டும், முன்தேதியிட்டும் அது செல்லும். முன்தேதி வசூலை 2021-ல் கைவிட்டார்கள். பங்கு எங்கும் நகரவில்லை என்பதைக் கவனியுங்கள். அது ‘இருந்த’ இடம் மட்டும் சட்ட வாசகத்தால் மாறியது.

இதனால் வருகிற இன்னொன்று: ஒரே சொத்துக்கு ஒரு காரியத்துக்கு ஒரு சைட்டஸ், இன்னொரு காரியத்துக்கு வேறு சைட்டஸ் இருக்கலாம். அமெரிக்காவில் குடியில்லாத அயல்நாட்டவர் இறந்தால், அமெரிக்கக் கம்பெனிப் பங்குகள் அமெரிக்காவில் இருப்பதாகக் கணக்கிடப்படும், பங்குச் சான்றிதழை அவர் எந்த நாட்டில் வைத்திருந்தாலும். அங்குள்ள வங்கியில் சொந்தப் பணமாகப் போட்டு வைத்த தொகை பொதுவாக அந்தக் கணக்கில் சேராது. அங்கே இருப்பதாகக் கொள்ளும் சொத்து 60,000 டாலரைத் தாண்டினால் வரி விவரம் தாக்கல் செய்ய வேண்டும் என்பது பொது விதி. ஒப்பந்தம் உள்ள நாட்டுக்காரர்களுக்குச் சலுகை மாறும். கிரிப்டோ எனப்படும் மின்னணு நாணயங்களில் எதுவுமே இன்னும் நிலைக்கவில்லை. 2020-ல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில், உரிமைக்காரரின் நிரந்தர வசிப்பிடமே அதன் சைட்டஸ் என்று எடுத்துக்கொண்டது. எதிர்த்தரப்பு ஆஜராகாத இடைக்கால உத்தரவு அது. அதைக் கல்லில் செதுக்கிய விதியாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆகவே வழக்கறிஞரிடம் பேசும்போது ‘சைட்டஸ் என்றால் என்ன’ என்று மட்டும் கேட்காதீர்கள். வீடு, வங்கிக் கணக்கு, பங்கு, காப்பீடு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுத்து, ‘இது எங்கே இருப்பதாகக் கொள்கிறீர்கள், எதற்காக, வரிக்கா வாரிசுரிமைக்கா’ என்று கேளுங்கள். கடிதத்தின் நான்கு இடங்களிலும் பதில் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. தமிழில் எழுதிக்கொள்வதானால், சொத்துக்கு ‘சட்டப்படி அமைவிடம்’ என்று எழுதுங்கள். சும்மா ‘இருப்பிடம்’ என்றால் ஆள் வசிக்கும் இடம் என்று ஆகிவிடும்.

எக்கோ அறிக்கையை மறுபடி எடுத்துப் பாருங்கள். சைட்டஸ் சாலிட்டஸுக்குப் பக்கத்திலேயே ‘லெவோகார்டியா’ என்று இருக்க வாய்ப்பு அதிகம். இதயம் இடப்பக்கம் இருக்கிறது என்று பொருள், அதுவும் வழக்கமானதுதான். அதற்குக் கீழே வரும் வரிகளில்தான் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர், வால்வுகள், பெருந்தமனி பற்றி எழுதியிருப்பார்கள். குழந்தைகள் இதய மருத்துவரிடம் உட்கார்ந்து, விரல் வைத்துக் கேட்க வேண்டியவை அந்த வரிகள்.